கோட்டைச்சாமியின் இடது கட்டைவிரல்

டிரங்குப் பெட்டியிலிருந்து முதலில் நெய் டின் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் வெல்வெட்டுத் தலையணை, சட்டம் போட்ட முகக்கண்ணாடி, ஆறு வேட்டிகளில் நான்கு, மூடியுள்ள பித்தளைக் கூஜா. கோட்டைச்சாமி ஒவ்வொன்றாக எடுத்து வேப்பமரத்தடியில் அடுக்கிக்கொண்டே போனார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆனைக்குட்டம் பெத்தணன் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஏக்கர் பருத்திக்காட்டுக்குச் சொந்தக்காரர் அவர். கண்டியில் கடை வைத்திருக்கும் அக்காள் மகன் வீட்டு விசேஷத்துக்காக முதல்முறையாகக் கடல் தாண்டப் போகிறார். டிரங்குப் பெட்டி வீட்டுக்குள்ளிருந்து மரத்தடிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. கோட்டைச்சாமி அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டுகிற வழக்கம் இல்லை.

"ஏலே கோட்டை, நெய் இல்லாம எனக்குச் சோறு எறங்காதுடா."

"எறங்கும்யா. ரெண்டு நாள் பசிச்சா எல்லாம் எறங்கும். இந்த நெய்யி ராமேஸ்வரம் வெயில்லயே உருகி வேட்டியில எறங்கிரும். அங்கன இருந்து எறும்புக கண்டி வரைக்கும் டிக்கெட்டு இல்லாம ஐயா கூடயே வரும்."

அடுத்து ஒரு வெள்ளி டம்ளர் வந்தது. பெத்தணன் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். "அது இருக்கட்டும்டா." கோட்டைச்சாமி டம்ளரைக் கையில் வைத்து ஒரு கணம் பார்த்தார். "இருக்கட்டும்யா. ஆனா தேவைப்படாது" என்று அதை மட்டும் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

எல்லாம் முடிந்ததும் பெட்டியைப் பூட்டி ஐயாவின் காலடியில் வைத்தார். "இப்ப ஒத்தக் கையில தூக்குங்க. தூக்கிக்கிட்டு அந்தக் கெணத்து மேடு வரைக்கும் ஓடிட்டு வாங்க."

"ஓடவா?"

"வெளிநாட்டு ரயிலு நமக்காக நிக்காதுய்யா."

ஆனைக்குட்டத்தில் பெத்தணன் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பண்ணையாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். மூச்சிரைக்கத் திரும்பி வந்த பெத்தணன் பெட்டியைத் திறந்து இன்னும் இரண்டு துண்டுகளைத் தாமாகவே வெளியே எடுத்துப் போட்டார்.

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் யார் கடல் தாண்டுவதானாலும் கிளம்புமுன் மூட்டையைக் கோட்டைச்சாமியிடம் காட்டிவிடுவது வழக்கமாகிப்போனது. அவர் கப்பல் ஏஜெண்டு அல்ல, படித்தவரும் அல்ல. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் காகிதக் குழாய் உருட்டுகிறவர். வயது நாற்பத்து நான்கு. ஒட்டிய கன்னம், நீண்ட கால்கள். அலுமினியப் பவுடர் படிந்து இரண்டு கைகளும் எந்நேரமும் மினுங்கும். அவருடைய தகப்பனார் காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் களையெடுத்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் கம்பெனி வாசலை முதலில் மிதித்தவர் இவர். கடலை மிதித்தவரும் இவர் ஒருவர்தான்.

தீபாவளிக்கு மறுநாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் கம்பெனிகள் மூடிக் கிடக்கும். சீசன் முழுக்க முதுகொடிய உழைத்த சனம் அந்த நாட்களில் தூங்கும். பெண் பார்க்கப் போகும். இருக்கன்குடிக் கோயிலுக்கு வண்டி கட்டும். கோட்டைச்சாமி கப்பலேறுவார். 1955-இல் கொழும்பு. அடுத்த வருடம் கொழும்பிலிருந்து கதிர்காமம் வரைக்கும் நடை. 1957-இல் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு. எதற்குப் போகிறீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. சாமி கும்பிடவா, வேலை தேடவா, சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "பாக்கத்தான்."

அவருடைய மனைவி முருகம்மாளுக்குக் கடல் என்றாலே ஆகாது. ஆனால் வீட்டில் நிற்கும் ஆடுகளில் ஒன்றுக்குக் 'கப்பல்' என்று பெயர் வைத்தவள் அவள்தான். அந்த ஆட்டுக்குத் தனிக் கவனிப்பு உண்டு; கொழுத்ததும் அதை விற்ற காசுதான் கப்பலின் மேல்தளத்து டிக்கெட்டாக மாறும். "எம் புருசன் பின்னாலயே கப்பல் வருது பாரு" என்று அவள் ஆட்டைக் காட்டிச் சொல்லி, தெருவில் பெண்கள் சிரிப்பார்கள். வீட்டுக்காரரைக் கேலி செய்ய அவளுக்கு மட்டும்தான் உரிமை. வேறு யாராவது ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார் என்பதற்கு விடை அவர் கழுத்தில் தொங்கும். சிவகாசி அச்சாபீஸ்களில் கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள்களைப் பொறுக்கி, சரவெடி பின்னுகிற மாதிரியே நூலில் கோத்து வைத்திருக்கிறார். ரயில் லேபிளைக் காட்டினால் ஸ்டேஷன் எங்கே என்று அர்த்தம். கப்பல் என்றால் துறைமுகம். பூட்டும் சாவியும் என்றால் படுக்க இடம். கோபுரம், சைக்கிள், சேவல், குடை என்று மொத்தம் இருபத்தாறு படங்கள். சில ஊர்களில் இவரைத் தீப்பெட்டி வியாபாரி என்று நினைத்துவிடுவார்கள். பினாங்கில் ஒரு சீனக் கடைக்காரர் சேவல் மார்க்கில் பத்துக் குரோஸ் வேண்டும் என்று விரலைக் காட்டி ஆர்டரே கொடுத்துவிட்டாராம்.

பினாங்குக்கு எதிர்க்கரையில் ஒரு மலாய்க் கிராமத்தில்தான் இந்தச் சரம் அவரைக் காலை வாரியது. பால் வேண்டுமென்று பசு லேபிளைக் காட்டினார். கடைக்காரர் முகம் மலர்ந்து, கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், தொங்கிய தொடை ஒன்றைத் தட்டி, எந்த இடத்தில் வெட்டட்டும் என்று கத்தியாலேயே கேட்டார். "ஒரு வாய் பாலுக்குப் போனவன் ஒரு தொடையோட வெளிய வந்திருப்பேன்" என்பார் கோட்டைச்சாமி. அன்றிலிருந்து பசுவுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் படமும் கோத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்பது இப்போது அவருடைய கண்டிப்பான பாடம்.

கப்பலில் எங்கே படுப்பது என்று கேட்டால் மணலில் கோடு போட்டே காட்டுவார். புகைபோக்கிப் பக்கம் ஆகாது, கரி விழும். கக்கூஸ் பக்கம் ஆகவே ஆகாது. மேலே கித்தான் கட்டின நிழல், பக்கத்தில் ஏணிப்படி, அங்கேதான் துண்டை விரிக்கவேண்டும். சமையல்காரன் வாளியோடு முதலில் இறங்குவது அந்தப் படியில்தான். பன்னிரண்டு முழம் கயிறு இல்லாமல் ஊரை விட்டுக் கிளம்பக்கூடாது. துணி காயப்போட, கிணற்றில் இறைக்க, தூங்கும்போது மூட்டையைக் காலோடு கட்டிக்கொள்ள எல்லாவற்றுக்கும் அது உதவும். பாஸ்போர்ட்டை மத்தாப்புக்குச் சுற்றுகிற மெழுகுத்தாளில் பொதிந்து இடுப்பில் முடிந்துகொள்ளவேண்டும். முதல் இரண்டு நாள் அரை வயிறு, வாயில் நார்த்தங்காய்த் துண்டு, கண் தண்ணீரைப் பார்க்காமல் தூரத்தில் கடல் முடிகிற கோட்டைப் பார்க்கவேண்டும்.

"புதுச் செருப்புப் போட்டுக்கிட்டுப் போகாதீக. ஒரு மாசத்துக்கு முந்தியே போட்டு நடந்து பளக்குங்க. வளி கேட்டா ரெண்டு பேரத் தனித்தனியாக் கேளுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா நடங்க. வண்டிக்காரக எங்கன திங்காகளோ அங்கன தின்னுங்க. நம்ம ஊருக்காரக வீடு அகப்பட்டா ரெண்டு நாள் தங்குங்க. மூணாம் நாள் அவுக மொகத்தப் பாக்காமக் கெளம்பிருங்க."

சுங்கக்காரர்களைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை உண்டு. நாகப்பட்டினத்தில் அவர் கையின் மினுமினுப்பைப் பார்த்து ஊர் எது என்று கேட்டார்கள். சிவகாசிப் பக்கம் என்று பெருமையாகச் சொன்னார். மூட்டையிலிருந்த அவலைக்கூட வெடிமருந்தோ என்று முகர்ந்து பார்த்தார்கள். "ஊரு கேட்டா சாத்தூருன்னு சொல்லுங்க. காராச்சேவு இருக்கான்னு கேப்பாக, அம்புட்டுத்தான்."

அவர் சொல்லித்தரும் யோசனைகளில் யாருக்கும் விளங்காத ஒன்று உண்டு. மூட்டையில் டம்ளர் வைக்கக்கூடாது என்பது அது. முருகம்மாளுக்கு மட்டும் அதன் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். பினாங்கில் இறங்கிய முதல் காலையில் ஒரு தமிழர் டீக்கடை முன்னால் போய் நின்றார். ஊர்ப் பழக்கத்தில் வெளியே கம்பத்தோரம் நின்று, கொண்டுபோயிருந்த தகர டம்ளரை நீட்டினார். கடைக்காரர் டம்ளரையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். உள்ளே பெஞ்சைக் காட்டி, உட்காருங்க அண்ணே, வழியை மறிக்காதீங்க என்றார். கோட்டைச்சாமிக்கு அது தன்னைத்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உட்கார்ந்தார். எல்லாரும் குடித்த கிளாஸிலேயே டீ வந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டுத் தம் பேப்பரைப் படிக்கப் போய்விட்டார்.

"எந்த ஊருன்னு கேட்டாக, முருகு. எந்தத் தெருன்னு எவனும் கேக்கலே. ஒரு டீயி குடிக்க அம்புட்டு நேரம் நான் உக்காந்ததே இல்லே."

அந்தத் தகர டம்ளர் பினாங்குக் கடைப் பெஞ்சிலேயே இருந்துவிட்டது. மறந்து வைத்தாரா, தெரிந்தே வைத்தாரா என்று முருகம்மாள் கேட்கவில்லை. சீசன் வேலையில் முதுகு விட்டுப்போகும்போதெல்லாம் அவருக்கு அந்தப் பெஞ்சு நினைவு வரும்.

அதே பயணத்தில்தான் எதிர்க்கரை ஸ்டேஷனில் அந்த ரயிலைப் பார்த்தார். அது சயாமுக்குப் போகிறது என்று போர்ட்டர் வேலை பார்த்த தமிழர் ஒருவர் சொன்னார். ரயிலிலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் போய்விடலாமாம். நடுவில் கடல் கிடையாதாம். கோட்டைச்சாமி ஒரு பெட்டியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். கம்பெனி திறக்கிற நாளும் ஊர் திரும்பும் கப்பலும் நெருங்கிவிட்டன. ரயில் போயிற்று, அவர் நின்றார். அடுத்த வருடம் மகள் கல்யாணம். அதற்கடுத்த வருடம் மழையில் வீட்டுச் சுவர் சரிந்தது. 1960-இல் பாஸ்போர்ட் காலம் முடிந்தது. 1961-இல் கப்பல் ஆடு நன்றாகக் கொழுத்து நின்றது. "இந்தக் கார்த்திகையில அந்த ரயில்ல ஏறாமத் திரும்ப மாட்டேன்" என்று ஆனி மாதமே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

பெத்தணனின் பெட்டியைப் பிரித்துப் போட்ட அதே ஆடி மாதத்தில்தான் தாலுகா ஆபீஸுக்கு வரச்சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. புதுப் பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை சரிபார்க்கவேண்டும். குமாஸ்தா லட்சுமிகாந்தம் பழைய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். அதில் 1955-இல் வைத்த இடது கட்டைவிரல் ரேகை கோலம்போலத் தெளிவாக இருந்தது. அப்போது கோட்டைச்சாமி கம்பெனியில் லோடு ஏற்றுகிற ஆள். குழாய் உருட்டும் பலகைக்கு வந்தது அதற்குப் பிறகு. மையைத் தடவிக் கட்டைவிரலைத் தாளில் அழுத்தினார் குமாஸ்தா. கரும்புள்ளி விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் புள்ளி. மூன்றாவது முறை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, தாளில ஆளையே காணோமே."

"ஆளு இங்கன நிக்கேனே சார்."

"நீர் நிக்கிறது எனக்குத் தெரியுது. மெட்ராஸில இருக்கிறவனுக்குத் தெரியணுமே."

கோட்டைச்சாமி முதல்முறையாகத் தம் விரலை உற்றுப் பார்த்தார். ஆறு வருடங்களாகத் தாளின் ஓரத்தைப் பலகையோடு அழுத்திப் பிடிக்கிற விரல் அது. வலது உள்ளங்கை தாள் சுற்றிய கம்பியை உருட்ட உருட்ட, இடது கட்டைவிரலின் மேல் பசையும் தாளும் உரசிக்கொண்டே இருக்கும். குரோஸுக்கு நூற்று நாற்பத்து நான்காக நாளுக்குப் பன்னிரண்டு குரோஸ் குழாய். விரல் நுனி கூழாங்கல்லாக வழவழத்துக் கிடந்தது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். பழைய புத்தகத்தில் ரேகை இருக்கும்போது புதிதில் கையெழுத்து இருந்தால் வேறு ஆள் என்று சந்தேகம் வரும் என்றார் குமாஸ்தா. ஆனால் மனிதர் நல்லவர். சுண்ணாம்புக் காளவாசல் ஆட்களுக்கு இப்படி ஆகிப் பார்த்திருக்கிறாராம். விரலுக்கு நாற்பது நாள் வேலை கொடுக்காமல் வைத்திருந்தால் தோல் வளர்ந்து பழைய ரேகையே திரும்ப வரும். புரட்டாசி பதினைந்துக்குள் வந்தால் இந்த வருடக் கப்பலுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும். தவறினால் அடுத்த வருடம்தான்.

ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற நேரம். தீபாவளி சீசன் உச்சிக்கு ஏறும் நாட்கள். அந்த நாற்பது நாளில்தான் கம்பெனியில் சோறு தின்னக்கூட நேரம் இருக்காது. கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்து கைகால் கழுவினார். கட்டைவிரலில் விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றினார். பழைய தாளை எடுத்துப் பசை தடவி, தடித்த குழாய் ஒன்று உருட்டி, வெட்டி, விரலுக்கு உறையாக மாட்டினார்.

மறுநாள் கம்பெனியே கூடிவிட்டது. "ஏலே கோட்டை, வெரல்ல வெடி வச்சிருக்கியா? திரி எங்கலே?" என்று வெள்ளைத்துரை கேட்டான். அவரோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன், பக்கத்துப் பலகைக்காரன். "தீக்குச்சி வேணுமா அண்ணே?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கோட்டைச்சாமி எல்லாருக்கும் சிரித்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு மற்ற நாலு விரல்களால் தாளைப் பிடித்துப் பார்த்தார். தாள் வழுக்கியது. குழாய் கோணியது. சாயங்காலம் எண்ணியபோது நான்கு குரோஸ்தான் தேறியது. அதிலும் பாதியைக் கழித்துவிட்டார்கள்.

நான்கு நாள் பொறுத்த போர்மேன் காசிராஜன் ஐந்தாம் நாள் பலகை முன்னால் வந்து நின்றார். கல்கத்தா லோடு காத்துக் கிடந்தது. "இந்தா பாரும் கோட்டைச்சாமி. ஒமக்குச் சயாமு பெரிசா, கம்பெனி ஆர்டர் பெரிசா? ஒண்ணு அந்த உறையக் களட்டும். இல்லாட்டிப் பலகைய விட்டு எந்திரியும். வேலைக்கு ஆளு வெளிய நிக்கு."

"திங்கக்கெளமை வரைக்கும் டயம் குடுங்க போர்மேன். பன்னெண்டு குரோசுக்கு ஒரு வளி பண்ணுதேன்."

"என்ன வளி?"

"இப்பத் தெரியலே. பண்ணுதேன்."

அன்று வீட்டில் முருகம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அந்த ரயிலு அடுத்த வருசமும் ஓடுமில்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓடும், முருகு. எனக்கு அடுத்த வருசம் என்ன வருமோ. நாலு வருசமா அடுத்த வருசம்னுதான சொல்லிக்கிட்டு இருக்கேன்." சாப்பிட்ட கையை நக்கிக்கொண்டே தம் வலது கையைப் பார்த்தார். பிறகு இடது கையைப் பார்த்தார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, குழவிக்கல்லை இடது உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். மனைவிக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய்க் கிழிந்த தாள்களையும் கம்பியையும் கொண்டுவந்து போட்டாள்.

திங்கட்கிழமை கோட்டைச்சாமியின் பலகை மட்டும் மற்றப் பலகைகளுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பசைச் சட்டி இந்தப் பக்கம் வந்திருந்தது. கூடை அந்தப் பக்கம் போயிருந்தது. வலது கட்டைவிரல் தாளை அழுத்தியது. இடது உள்ளங்கை உருட்டியது. உறை மாட்டிய இடது கட்டைவிரல் எதையும் தொடாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதல் நாள் ஆறு குரோஸ். தோள்பட்டை வீங்கிவிட்டது. முருகம்மாள் உப்பு ஒத்தடம் கொடுத்தாள். இரண்டாம் வாரம் ஒன்பது. மூன்றாம் வாரம் ஒரு நாள் காசிராஜன் கூடையில் பன்னிரண்டு குரோஸும் எண்ணிவிட்டு, எதிர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த பலகைக்கு வெளிச்சம் விழும்படி கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டுப் போனார். கல்கத்தா லோடு சரியான நாளில் கிளம்பியது.

வேலையில் மட்டுமா இந்த விரதம்? குளிக்கும்போது இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே குளித்தார். வேட்டி கட்டவும் முருகம்மாள் ஒரு நுனியைப் பிடிக்கவேண்டியிருந்தது. விரல் உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டார். அரிப்பது நல்லது, தோல் வளர்கிறது என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். யாராவது மூட்டையோடு யோசனை கேட்க வந்தால் வலது கையாலேயே பிரித்துப் போட்டார். பேச்சு மட்டும் குறையவில்லை.

இடையில் பெத்தணன் கண்டியிலிருந்து திரும்பியிருந்தார். ஆனைக்குட்டத்திலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு தாயில்பட்டிக்கே வந்து, கோட்டைச்சாமியின் தெரு முனையில் வண்டியை நிறுத்தி ஆளை வரவழைத்தார். சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் ஓடியதை இரண்டு தடவை சொன்னார். டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த வெள்ளி டம்ளரை எடுக்கவே இல்லையாம். "எடுத்திருந்தாச் சிரிச்சிருப்பாக. அங்கன எல்லாருக்கும் ஒரே கிளாசுதான்" என்று சொன்னவர், அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்காமல் வண்டி மாட்டைப் பார்த்தார். அப்புறம் விரல் உறையைப் பார்த்து விஷயத்தைக் கேட்டறிந்தார்.

"இதுக்காலே இம்புட்டுப் பாடு? தாசில்தாரு எனக்கு வேண்டியவரு. இது எங்க ஆளு, எனக்குத் தெரிஞ்ச கோட்டைச்சாமிதான்னு ஒரு வார்த்தை நான் சொன்னா முடிஞ்சது. வண்டியில ஏறு. இப்பவே போவோம்."

நல்ல மனசோடு சொன்னதுதான். கோட்டைச்சாமிக்கு அது தெரியும். நாற்பதில் இருபத்தெட்டு நாள் முடிந்திருந்தது. தோள்பட்டை வலி உயிரை எடுத்தது. ஒரு தலையசைப்பில் எல்லாம் முடிந்துவிடும். அவர் தலையசைக்காமல் நின்றார்.

"ஐயா கோவிச்சிக்கிடக் கூடாது. ஐயா சொல்லித்தான் நான் கோட்டைச்சாமின்னு ஆகணும்னா, இங்கன இருந்தாலே போதும்யா. இம்புட்டுக் காலமும் அப்படித்தான இருந்தோம். கப்பலேறி எதுக்கு?"

பெத்தணனின் முகம் சிவந்தது. கைத்தடியால் வண்டிச் சக்கரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். "என்னமும் செய்லே" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். வண்டி கொஞ்ச தூரம் போனபின் நின்றது. "ஏலே, அந்தப் பன்னெண்டு முழக் கயிறு நல்லா ஒதவிச்சுடா" என்று அங்கிருந்தே சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

புரட்டாசி பன்னிரண்டாம் தேதி கோட்டைச்சாமி அரை நாள் லீவு கேட்டார். காசிராஜன் முழு நாளாகவே கொடுத்தார். தாலுகா ஆபீஸ் மேஜை முன்னால் நின்று உறையைக் கழற்றினார். துணியைப் பிரித்தார். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தார். வெளுத்து மெத்தென்று இருந்த விரலைப் பார்க்கவே அவருக்கு யாரோ பச்சைப்பிள்ளையின் விரலைப் பார்ப்பதுபோல இருந்தது. கண்ணுக்குக் கோடு எதுவும் தெரியவில்லை. மேஜைமேல் விரலை நீட்டினார்.

லட்சுமிகாந்தம் மை தடவி அழுத்தினார். எடுத்தார். பூதக்கண்ணாடியைத் தேடினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், பழைய புத்தகத்தையும் புதுத் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். மேலே விசிறி கடகடவென்று சுற்றியது.

"இந்தச் சுழி இங்கயும் இருக்கு, இந்தக் கிளை இங்கயும் பிரியுது" என்று தமக்குத்தாமே முணுமுணுத்த குமாஸ்தா நிமிர்ந்தார். "வந்துட்டீரய்யா. தாளுக்குள்ள வந்துட்டீர். ஐப்பசிக்குள்ள புத்தகம் வந்துரும். விரலைத் துடைச்சுக்கிடும்."

கோட்டைச்சாமி மேஜைமேல் குனிந்து தாளைப் பார்த்தார். வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய கோடுகள். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பழைய புத்தகத்திலும் இந்தத் தாளிலும் ஒரே ஆள்தான் இருக்கிறான் என்பதை அவரால் படிக்க முடிந்தது. கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. "சார், நீங்க எங்கயாச்சும் வெளிநாடு போறதா இருந்தாச் சொல்லுங்க. மூட்டை நான் கட்டித் தாரேன்" என்றார். லட்சுமிகாந்தம் சிரித்தார்.

அன்றைக்கு முருகம்மாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் விரலின் கோடுகளுக்குள் இறங்கிய மை முழுதாகப் போகவில்லை. விடிந்ததும் அவர் உறையில்லாமல் கிளம்புவதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. "இம்புட்டு நாள் பொத்தி வச்ச வெரலு. இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே."

"எதுக்கு? ரேகையைத்தான் ஆபீஸ்ல குடுத்தாச்சே. இனி வெரலு கம்பெனிக்கு."

கம்பெனியில் பலகையைப் பழைய பக்கமாகத் திருப்பிப் போட்டார். பசைச் சட்டியும் கூடையும் தத்தம் இடத்துக்குப் போயின. வெள்ளைத்துரை திரியைப் பற்றி ஏதோ கேட்டான். காதில் வாங்காமல் முதல் தாளை எடுத்துப் பசை தடவினார். கம்பியில் சுற்றி, நாற்பது நாளுக்குப் பிறகு இடது கட்டைவிரலை இறக்கித் தாளின் ஓரத்தை அழுத்தினார். வலது உள்ளங்கை உருட்டியது. கம்பியை உருவியபோது, ஈரத்தில் மை ஊறி, வெள்ளைத் தாளின்மேல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. வட்டத்துக்குள் வட்டம், ஒரு கோடு குறையாமல். கோட்டைச்சாமி அந்தக் குழாயை வாசல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஈரம் காய ஒரு தடவை ஊதினார். வரப்போகும் தீபாவளிக்கு எந்த ஊரிலோ வெடிக்கட்டும் என்று அதையும் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுத்துக் கட்டைவிரலை அழுத்தி வைத்தார்.